'தோல் கலர்' பேஸ்டல்: சின்னப் பிள்ளைகளோடு இனவாதம் பற்றிக் கதைப்பது எப்படி?

என் மகளுக்கு ஐந்து வயது. போன மாதம் வீட்டில் உள்ள எல்லோரையும் வரைந்து வர்ணம் தீட்டினாள். அம்மா, அப்பா, அண்ணா, அம்மம்மா எல்லோருக்கும் ஒரே வெளிர் ரோஸ் நிறம். எங்களில் ஒருவர்கூட அந்த நிறத்தில் இல்லை. அம்மம்மா நல்ல கறுப்பு. ஏன் பிள்ளை இப்படி என்று கேட்டதற்கு, "இதுதானே தோல் கலர்" என்று பெட்டியிலிருந்து ஒரு பேஸ்டலை எடுத்துக் காட்டினாள். மண்ணிறப் பேஸ்டல் தென்னை மரத்துக்குப் போயிருந்தது.

அந்தப் பெயரை அவளுக்குச் சொன்னது நான்தான். எனக்கு என் ரீச்சர் சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் பெட்டியில் ஒரு நிறத்துக்கு மட்டும் 'தோல்' என்று பெயர் வைத்துவிட்டால் மற்றத் தோலெல்லாம் என்ன என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. அம்மம்மாவை அவருடைய சொந்த நிறத்தில் தீட்டினால் படம் பிழைத்துப்போகும் என்று ஐந்து வயதுப் பிள்ளை நினைத்திருக்கிறாள்.

இந்தக் கட்டுரை அவளைப் போன்ற பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கானது. நான் உளவியல் படித்தவள் அல்ல. இலங்கையில், திருகோணமலை உப்புவெளியில் இருந்துகொண்டு இரண்டு பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் தேடி வாசித்தவள், அவ்வளவுதான்.

முதலில், இனவாதம் என்றால் என்ன?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பேச்சு பெரும்பாலும் தோல் நிறத்தைச் சுற்றியே போகும். எங்கள் நாட்டில் 'இனவாதம்' என்றால் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்பதுதான் முதலில் மனதில் வரும். மொழியும் மதமும் ஊரும் பெயரும் அதற்குள் அடங்கும். நிறத்தையும் சாதியையும் நாங்கள் அந்தச் சொல்லுக்குள் போடுவதில்லை. அவை ஏதோ வேறு சாமான் மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் மூன்றும் வேலை செய்வது ஒரே விதமாகத்தான்.

மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். ஒருவர் தொப்பி போடுகிறார், இன்னொருவர் திருநீறு பூசுகிறார்: இது வித்தியாசம். இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. 'தொப்பி போட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று ஆளைப் பார்க்கும் முன்பே முடிவு கட்டுவது முன்முடிவு. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரின் பெயரைக் கேட்டதும், 'வீடு போன கிழமையே எடுபட்டுவிட்டது' என்று பொய் சொல்லி அனுப்புவது பாகுபாடு. முன்முடிவு மனதுக்குள் இருக்கும்; பாகுபாடு ஒருவருடைய வயிற்றில் அடிக்கும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, அது கண்ணுக்கு அகப்படுவது கடினம். ஒரு கந்தோரிலிருந்து அம்மம்மாவுக்கு முழுக்கச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. எழுதியவருக்கு அவர்மேல் கோபம் ஏதும் இருந்திருக்காது. ஆனால் எழுபது வயதில் அவர் தன்னுடைய காணி பற்றிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி ரோட்டில் நின்றார். 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழி என்று சட்டம் வந்தது. தமிழும் அரச மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. கடிதம் அடிக்கும் பழக்கம் மட்டும் இன்னும் பழைய சட்டத்திலேயே நிற்கிறது. ஆளில்லாமலே நடக்கிற அநியாயம் என்று இதை என் ஒன்பது வயது மகனுக்குச் சொன்னேன். "அப்ப யாரோட கோபிக்கிறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

பிள்ளைக்கு எப்போது தெரியத் தொடங்குகிறது?

நாங்கள் நினைப்பதைவிட மிக முன்பாகவே. பிறந்த குழந்தை எந்த இனத்து முகத்தையும் ஒரே மாதிரித்தான் பார்க்கும். மூன்று மாதத்தில், வீட்டில் அடிக்கடி கண்ட சாயலுள்ள முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கும். இருவகை முகங்களுக்கு நடுவே வளர்கிற குழந்தைகளிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை என்பதும் அதே ஆய்வுகளில் வந்த முடிவுதான். மூன்று, நான்கு வயதில் நிறத்தையும் உடுப்பையும் பேச்சையும் வைத்து ஆட்களைப் பிரிக்கத் தொடங்குவார்கள். இது தீமை இல்லை. தட்டில் கடலையையும் பயறையும் பிரிக்கிற அதே மூளைதான். எந்தப் பக்கம் நல்லது, எந்தப் பக்கம் கூடாதது என்ற விலைச்சீட்டைத்தான் எங்களிடமிருந்து எடுக்கிறார்கள்.

அந்த விலைச்சீட்டு எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்பதை 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி காட்டினார்கள். மூன்று முதல் ஏழு வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளிடம், நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகளைக் கொடுத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிக்கூடங்களில் படிப்பிப்பது சட்டத்துக்கு மாறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னபோது, கிளார்க்கின் ஆய்வையும் அதில் சுட்டிக் காட்டியது. என் மகளின் பேஸ்டல் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பொம்மைகள்தான் ஞாபகம் வந்தன.

நிறமும் மதமும்கூடத் தேவையில்லை. கூட்டம் பிரித்தாலே போதும். இது எங்கள் பள்ளிக்கூடங்களில் வருடா வருடம் நடக்கிறது: இல்ல விளையாட்டுப் போட்டி. ரீச்சர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒரு பிள்ளையைப் பாரதி இல்லத்திலும் பக்கத்துக் கதிரைப் பிள்ளையை வள்ளுவர் இல்லத்திலும் போடுவார். இரண்டே கிழமை போதும். வள்ளுவர் இல்லத்தார் கள்ளம் செய்து வென்றார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுவான். நேற்று வரை தன் சாப்பாட்டுப் பெட்டியில் பாதியைக் கொடுத்த கூட்டாளி இன்றைக்கு 'அவங்கள்' ஆகிவிட்டான். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்க முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிவப்பு, நீலச் சட்டைகளைக் கொடுத்து மூன்று வாரம் போட வைத்தார்கள். அதிலும் கண்டது இதைத்தான்: தங்கள் நிறச் சட்டைக்காரர்களைத் தூக்கிப் பேசினார்கள்.

இனவாதத்தைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. போட்டி முடிந்த அன்று பின்னேரம் மகனைக் கேட்டேன்: "உன்னைப் பாரதி இல்லத்தில போட்டது ஆர்?" ரீச்சர். "வள்ளுவர் இல்லத்தில போட்டிருந்தா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்ப பாரதிதான் கள்ளம் செய்திருக்கும்" என்றான்.

'ஷ்! அப்படிக் கதைக்காதே'

கிண்ணியா போகிற பஸ். (2009இல் பாலம் திறக்கும் வரை 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவையில்தான் அந்தக் கழிமுகத்தைக் கடந்தோம். அது பிள்ளைகளுக்கு நம்ப முடியாத கதை.) எதிர்ச் சீட்டில் முகத்தையும் மூடிக் கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண். மகள் பஸ் முழுக்கக் கேட்கும் குரலில், "அம்மா, இவங்க ஏன் முகத்தை ஒளிச்சிருக்கிறாங்க?" என்றாள். நான் தொடையில் மெல்லக் கிள்ளி, "ஷ்" என்றேன்.

அந்தக் கிள்ளில் அவள் என்ன படித்திருப்பாள் என்று பிறகு யோசித்தேன். அந்தப் பெண்ணிடம் ஏதோ வெட்கப்படவோ பயப்படவோ வேண்டிய விஷயம் இருக்கிறது, அம்மாவே வாய் திறக்கப் பயப்படுகிறாள் என்பதைத்தான். மரியாதை என்று நான் நினைத்தது அவளுக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான், அதுவும் மோசமான பதில்.

காப்பாற்றியது அந்தப் பெண்தான். "கேக்கட்டும் விடுங்க, சின்னப் புள்ளதானே" என்று சொல்லிவிட்டு, "இது எங்கட மார்க்க வழக்கம் மகள்" என்றார். மகள் என் காதுக்குள் ரகசியமாகக் கேட்ட அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது: "இவங்களுக்குத் தமிழ் தெரியுமா?" 2012 கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், மிச்சத்தில் பெரும்பாலானோர் சிங்களவர். அந்த நான்கு பேரும் வீட்டில் பேசுவது தமிழ்தான். இதை ஐந்து வருடமாக நான் என் பிள்ளைக்குச் சொல்லியிருக்கவில்லை.

சரி, என்ன சொல்லியிருக்கலாம்? நீட்டி முழக்கத் தேவையில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு வசனம் போதும்: "அவங்கட வழக்கம் அப்பிடி, அம்மம்மா திருநீறு பூசுற மாதிரி." ஏன் ஒருவர் கறுப்பு, ஒருவர் வெள்ளை என்றால்: "எங்கட தோலுக்குள்ள மெலனின் எண்டு ஒரு சாமான் இருக்கு. அது கூட இருந்தா தோல் கறுப்பா இருக்கும், வெயிலுக்குக் குடை மாதிரி." வெயில் கூடிய நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அந்தக் குடை கூடுதலாக அமைந்தது, வெயில் குறைந்த இடத்தாருக்குக் குறைந்தது. உண்மைக் காரணத்தைச் சொன்னால் பிள்ளை திருப்தியாக அடுத்த கேள்விக்குப் போய்விடும். 'எல்லோரும் ஒன்றுதான்' என்று மழுப்பினால் நம்பாது. கண் முன்னால் ஒன்றாக இல்லையே!

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தில் நின்று மகன் ஒருமுறை கேட்டான்: "இது எங்கட கோயில்தானே, ஏன் இவ்வளவு சிங்கள ஆக்கள் வாறாங்க?" குரலில் கொஞ்சம் முறைப்பு இருந்தது. இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லக்கூடாது, திருப்பிக் கேட்க வேண்டும். "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். "இடத்தைப் பிடிக்க" என்றான். எங்கே கேட்டான்? பெரியவர்கள் விறாந்தையில் கதைத்ததைத்தான். பெரியவர்களின் அந்தப் பயத்துக்குப் பின்னால் எங்கள் மாவட்டத்தில் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. காணியும் குடியேற்றமும் இங்கே வெறும் கதைகள் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிற அந்தக் குடும்பம் கும்பிடத்தான் வந்திருக்கிறது. அரசாங்கத்தோடு இருக்கிற வழக்கும் வரிசையில் நிற்கிற ஆளும் வேறு வேறு என்பதை ஒன்பது வயதில் பிரித்துச் சொல்லலாம். ஐந்து வயதில், "அவங்களும் கும்பிட வாறாங்க" என்பதோடு நிறுத்தலாம்.

வந்தானா, வந்தாரா?

இதைப் பற்றி வெளிநாட்டு ஆலோசனைகளில் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் இது எங்கள் தமிழுக்குள் ஒளிந்திருக்கிற விஷயம். எங்கள் மொழியில் ஒரு ஆளைப் பற்றிப் பேச வாய் திறந்ததுமே மரியாதையை அளந்து போட வேண்டியிருக்கிறது. டொக்டர் வந்தார். மீன்காரன் வந்தான். ரீச்சர் சொன்னா. முற்றம் கூட்டுகிறவள் சொன்னாள். இருவருக்கும் ஒரே வயதாக இருக்கலாம். மீன்காரர் மூத்தவராகக்கூட இருக்கலாம். பிள்ளை பேசப் பழகும்போதே, யாருக்கு 'ஆர்', யாருக்கு 'ஆன்' என்ற அட்டவணையும் சேர்ந்து மனப்பாடமாகிவிடுகிறது.

இனத்துக்கும் அதேதான். செய்தி பார்த்துக்கொண்டு 'சிங்களவன்', 'சோனகன்' என்று எத்தனை தடவை சொல்கிறோம்! 'தமிழன்' என்றும் சொல்கிறோமே என்று என் கணவர் வாதாடுவார். சொல்கிறோம், ஆனால் எந்தக் குரலில்? 'தமிழன்' என்னும்போது நெஞ்சு நிமிரும். மற்றதில் உதடு சுழியும். மலையகத்திலிருந்து வந்து எங்களுக்குப் பக்கத்திலேயே வாழ்கிற தமிழர்களைப் பற்றி 'தோட்டக்காட்டான்' என்று எங்கள் ஆட்களே சொல்வதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, இனவாதம் கூடாது என்று எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுத்தும் பிரயோசனம் இல்லை.

எங்கள் அப்பாச்சி வீட்டில் வேலிக் கதியாலில் ஒரு தகரப் பேணி கவிழ்த்திருக்கும். கிணறு இறைக்க வருகிறவருக்கு அதில்தான் தேத்தண்ணி. எங்களுக்கு மூக்குப்பேணி. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்காமலே விளங்கிவிட்டது. அதுதான் பயங்கரம். சாதியைச் சொல்லி ஒருவரைக் கடைக்குள்ளோ கோயிலுக்குள்ளோ விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் 1957இலேயே வந்துவிட்டது. 1978 அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் எதை வைத்தும் குடிமக்களைப் பாகுபடுத்தக்கூடாது என்கிறது. அப்பாச்சியின் பேணிக்கு இவை ஒன்றும் தெரியாது. இன்றைக்குப் பேணி இல்லை, பிளாஸ்டிக் கப் இருக்கிறது. யாருக்குக் கண்ணாடிக் கிளாஸ், யாருக்குப் பிளாஸ்டிக் கப் என்று உங்கள் குசினியிலேயே ஒருமுறை பாருங்கள். வசதி குறைந்த பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்துச் சிரிப்பதும் இதே வரிசையில் வருவதுதான்.

சண்டை பற்றிக் கேட்டால்

கேட்பார்கள். சுவரில் மாட்டியிருக்கிற மாமாவின் படத்தைக் காட்டிக் கேட்பார்கள். ஐந்து வயதில் இரத்தத்தை விவரிக்கத் தேவையில்லை: "பெரிய சண்டை நடந்தது, நிறையப் பேர் செத்துப்போனாங்க, மாமாவும். இப்ப சண்டை இல்லை. நாங்கள் உன்னோட இருக்கிறம்." கடைசி வசனத்தை விட்டுவிடக்கூடாது. பிள்ளை வரலாற்றைக் கேட்பது போல இருக்கும், உண்மையில் தனக்கு ஏதும் நடக்குமா என்று கேட்கிறது.

எட்டு, ஒன்பது வயதில் இன்னும் சொல்லலாம். 1983 ஜூலையில் திருகோணமலையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. அதே நாட்களில் கொழும்பில் தங்கள் வீட்டுக்குள் தமிழர்களை ஒளித்து வைத்த சிங்களவர்களும் இருந்தார்கள். 2006இல் சண்டை மூண்டபோது மூதூரிலிருந்து முஸ்லிம்கள் பிள்ளைகுட்டியோடு ஓடினார்கள். சம்பூரிலிருந்து தமிழர்கள் ஓடினார்கள். எங்களுக்கு நடந்தது அநியாயம் என்பதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு மட்டும்தான் நடந்தது என்று சொன்னால் அது பொய். செய்தவர்களைச் 'செய்தவர்கள்' என்றே சொல்லிப் பழகினால், 'அவங்கள் எல்லோரும்' என்ற சொல் தானாகக் குறையும்.

பிள்ளைகளைப் பழக விட்டால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. சமமாக இல்லாத பழக்கத்தால் பெரிய பலன் இல்லை என்று ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே எழுதினார்: இரு பக்கமும் சம நிலையில் நின்று, ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும், பெரியவர்களும் அதற்கு ஆதரவாக இருக்க வேண்டும். சிங்களப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம், தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்று, முஸ்லிம் பிள்ளைக்கு இன்னொன்று என்று இருக்கிற எங்கள் ஊரில், அந்தச் சமநிலை கிடைக்கிற இடங்கள் குறைவு. கடற்கரைக் கிரிக்கெட் ஒன்று. எல்லோருக்கும் ஒரே பந்து, கடலுக்குள் போனால் எல்லோரும்தான் தேட வேண்டும். என் மகனுக்கு 'மல்லி' (தம்பி), 'துவண்ட' (ஓடு) என்ற சிங்களச் சொற்கள் எல்லாம் அங்கேதான் வந்தன. கூடவே கொஞ்சம் கெட்ட வார்த்தைகளும்.

உங்கள் பிள்ளையை யாராவது 'கறுப்பி' என்றோ வேறு ஏதாவது சொல்லியோ அழ வைத்தால், 'நீ வடிவுதான்' என்று முதலில் சொல்லாதீர்கள். அது, அவர்கள் வைத்த பரீட்சையில் புள்ளி போட்டுக் கொடுப்பது மாதிரி. "அப்பிடிச் சொன்னது பிழை. உன்னில பிழை இல்லை" என்று சொல்லுங்கள். பிறகு கட்டிப்பிடியுங்கள், பிறகு வேண்டுமானால் வடிவு. சொன்னது உங்கள் பிள்ளையாக இருந்தால், அடிக்காமல், "எங்க கேட்டனீ?" என்று கேளுங்கள். பதில் சில நேரம் உங்கள் வீட்டுப் பக்கமே திரும்பும்.

பேஸ்டல் பெட்டிக்கு நாங்கள் செய்தது சின்ன வேலைதான். ஆளாளுக்குக் கையை நீட்டி, பேஸ்டலை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. மண்ணிறத்தோடு மஞ்சளைக் கலந்தால் அப்பா, கறுப்பை மெல்லத் தேய்த்தால் அம்மம்மா. அந்த ரோஸுக்கு மகள் வைத்த புதுப் பெயர் 'இறால் கலர்', அவித்த இறால்.

வீட்டுப் பெரியவர்களைத் திருத்துவதுதான் கஷ்டம். அதில் நான் இன்னும் வெல்லவில்லை. எல்லோருக்கும் 'ஆர்' போட்டுத்தான் கதைக்க வேண்டும் என்ற சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மறு கிழமை, வாசலில் சைக்கிள் ஹோர்ன் கேட்டது. "மீன்காரன் வந்திட்டான்" என்றார் அம்மம்மா. மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து, "வந்திட்டார் அம்மம்மா!" என்று திருத்தினாள். அம்மம்மா சட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினார். "மீனைப் பார்ப்பம் பிள்ளை. நல்ல மீனெண்டா வந்திட்டார். நாறல் எண்டா வந்திட்டான்தான்."